கூடுதலாக வந்த நீல வளையல்

மகனே,

நீ உன் மாமாவுடன் மண்டபத்தைப் பார்க்கப் போயிருக்கிறாய். கட்டுகஸ்தோட்டை வீட்டில் இப்போது நானும் இஸ்திரி போட்டு அடுக்கிய சேலைகளும் மட்டும்தான். அடுத்த கிழமை இந்த நேரத்துக்கு உன் கல்யாணம் முடிந்து, சாம்பாரில் உப்புக் கூடியதா குறைந்ததா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன்னால் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். எழுதுவதைப் பத்திரிகைக்கும் கொடுக்கலாமா என்று உன்னையும் நீ கட்டப்போகிறவளையும் கேட்டபோது நீ தலையைச் சொறிந்தாய். அவள்தான், "குடுங்க ஆன்ட்டி, இதுல என்ன வெட்கம்? நாலு பேருக்கு விளங்கட்டும்" என்றாள். அவளுக்கு இங்கே தர்ஷினி என்று பெயர் வைக்கிறேன். என் வகுப்புகளில் எந்த வருடமும் இரண்டு தர்ஷினிகளாவது இருந்தார்கள். ஆகவே யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். உனக்குப் பெயரே வைக்கவில்லை. நீ என் மகன், அது போதும்.

போன வருடம் மழைக்காலத்தில் நீ சந்தையின் ஈரப் படியில் வழுக்கி விழுந்தாய். பெரிய விழுகை இல்லை. கையிலிருந்த வெண்டிக்காய்ப் பைகூட அவிழவில்லை. ஆனால் மணிக்கட்டு பிஸ்கட் மாதிரி உடைந்துவிட்டது. கட்டு அவிழ்த்த பிறகு ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்தவள்தான் தர்ஷினி. ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்து நசுக்கச் சொன்னாள். நீ பஸ்ஸில் நசுக்கினாய், செய்தி பார்க்கும்போது நசுக்கினாய், நான் பேசும்போதும் நசுக்கினாய். கை முழுதாகத் தேறிய பிறகும் சனிக்கிழமை தவறாமல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாய். நான் முப்பது வருடம் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஒருவருக்கு எந்தப் பயிற்சி தேவை, எது தேவையில்லை என்பது எனக்குத் தெரியாதா?

அதே மணிக்கட்டுதான் மற்றதையும் வெளியே கொண்டுவந்தது. இந்த வயதில் இவ்வளவு சின்ன விழுகைக்கு ஏன் எலும்பு உடைய வேண்டும் என்று அந்த இளம் வைத்தியருக்குச் சந்தேகம். இரத்தம் எடுத்தார்கள், பிறகு மறுபடியும் எடுத்தார்கள், பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள். கடைசியில் அவர் உன்னையும் என்னையும் இருத்தி, நாற்பத்தாறு நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், இருக்க வேண்டிய இடத்தில் உனக்கு நாற்பத்தேழு இருக்கிறது என்றார். எலும்புக்கு மருந்து உண்டு, ஊசி உண்டு, அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை பிறப்பது கடினம் என்றார். விளக்குவதற்கு ஒரு கடதாசியில் படமும் வரைந்தார். நிறமூர்த்தத்தின் இடுப்பு மாதிரி இருக்கும் மையப்பாத்தை அவர் வரைந்த இடம் சரியில்லை. நான் பேனாவை வாங்கித் திருத்தினேன். திருத்திவிட்டு நிமிர்ந்தபோது உன் கதிரை வெறுமையாக இருந்தது. நீ நடைபாதையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பக்கத்தில் வந்ததும், "அம்மா, அப்படின்னா நான் ஒரு பிழையா?" என்று கேட்டாய். "ஒடுக்கற்பிரிவில் நடக்கக்கூடிய ஒன்றுதான்" என்று நான் பதில் சொன்னேன். பரீட்சைத் தாளில் அதற்கு முழுப் புள்ளி கிடைக்கும். உன் கேள்விக்கு அது பதில் இல்லை. அந்தப் பதிலை இந்தக் கடிதத்தில் தருகிறேன். கொஞ்சம் பொறு, முதலில் பாடம்.

நாம் எல்லோரும் ஒரே ஒரு கலமாக, ஒற்றை உயிரணுவாகத்தான் தொடங்குகிறோம். அது இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, அப்படியே போய் ஒருநாள் மணிக்கட்டும் மூக்கும் பிடிவாதமும் உள்ள ஆளாகிறோம். பிரிவதற்கு முன் ஒவ்வொரு கலமும் தன் நிறமூர்த்தங்களைப் பிரதி எடுத்துக்கொள்கிறது. உடலை எப்படிக் கட்ட வேண்டும், எப்படி நடத்த வேண்டும் என்ற செய்தியெல்லாம் சுருட்டி வைக்கப்பட்ட நூல்கள் அவை. எடுத்த பிரதிகள் நடுவில் வரிசையாக நிற்கும். மெல்லிய இழைகள் இரண்டு பக்கமிருந்தும் பிடித்து இழுக்கும். ஒரு முழுத் தொகுதி இந்தப் பக்கம், இன்னொரு முழுத் தொகுதி அந்தப் பக்கம். உன் எலும்பு மறுபடி ஒட்டியதும், சவரம் செய்யும்போது நீ வெட்டிக்கொள்கிற கன்னம் மூடுவதும் இந்தப் பிரிவினால்தான். ஆனால் முட்டைக்கும் விந்துக்கும் முழுத் தொகுதி ஆகாது. பாதிதான் வேண்டும், மற்றப் பாதி மற்றவரிடமிருந்து வரும். ஆகவே அங்கே சோடியாக நிற்பவை சோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். அதுதான் ஒடுக்கற்பிரிவு. எப்போதாவது ஒரு சோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விடுகின்றன. அவ்வளவுதான் நடந்தது. ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

இதில் இன்னொன்று உண்டு. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வரிசையில் கொட்டாவி விடுகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு பெண்ணின் முட்டைக்கலங்கள் அவள் பிறப்பதற்கு முன்பே இந்தப் பிரிவைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கின்றன. என் அம்மா ஹுன்னஸ்கிரிய மலையில் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, வயிற்றில் என்னைச் சுமந்துகொண்டு ஏறிய நாட்களிலேயே, நீ ஆகப்போகிற அந்தக் கலம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. பிறகு நான் பிறந்தேன், என் அப்பாவுக்கு நகரசபையில் வேலை கிடைத்து மஹய்யாவைக்கு வந்தோம், கொன்வென்ட்டில் சேர்ந்தேன், படித்தேன், படிப்பித்தேன், எல்லோரும் இனி எங்கே என்று கைவிட்ட வயதில் கல்யாணம் செய்தேன். இவ்வளவு காலமும் அது நிறுத்திய இடத்திலேயே நின்றது. காத்திருப்பு நீண்டால் பிடி தளர்வதுண்டு. அப்பா பக்கத்திலும் இதே தவறு நடக்கலாம். உன் விடயத்தில் எந்தப் பக்கம் என்று யாரும் தேடவில்லை, தேட வேண்டியதுமில்லை. விளக்கும்போது நான் என் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். உன் அப்பா இருந்திருந்தால் பதில் பேசுவார்; இப்போது பேச முடியாதவர் தலையில் எதையும் வைப்பது எனக்குப் பிடிக்காது. அவரைக் கொண்டுபோனதும் கலப்பிரிவுதான். அது வேறு வகை, புற்றுநோய். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பிரிந்துகொண்டே போன கலங்கள் அவை. ஒரே வீட்டில் ஒன்று பிரியாமல் நின்றது, இன்னொன்று நிற்காமல் பிரிந்தது. இதைச் சுமையாக நான் எண்ணியதில்லை. உடம்பு என்று ஒன்று இருந்தால் அது சில நேரம் இப்படியும் செய்யும்.

இனி டப்பாவுக்கு வருகிறேன். உனக்கு அது தெரியும், வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் கொன்வென்ட்டில் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வரக்கூடாது. மாரியம்மன் திருவிழா முடிந்த திங்கட்கிழமைகளில் சிஸ்டர் வாசலில் நின்று கைகளைப் பார்ப்பார். கிலுங்கினால் போதும், கழற்றி ஒரு டொபி டப்பாவுக்குள் போட்டுவிடுவார். என்னுடைய இரண்டு நீல வளையல்களும் அப்படித்தான் போயின. பசை தடவிச் சரிகைத் தூள் ஒட்டியவை. அப்பா முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தவை. பிறகு நான் அதே பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராக வந்தபோது சிஸ்டர் ஓய்வு பெற்றார். டப்பாவை என் கையில் வைத்து, "உன்னுடையதும் உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொள்" என்றார். திறந்து பார்த்தால் கண்டி ஈரத்தில் சரிகைப் பசை இளகி, என் நீல வளையல்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று சோடி சேர்த்து, கம்பளி நூல் கட்டி, இரண்டு பிள்ளைகளை இரண்டு பக்கம் நிறுத்தி இழுக்கவைத்து ஒடுக்கற்பிரிவு நடத்தினேன். கைக்குழந்தைக்குப் போடும் சின்னக் கறுப்பு வளையல் ஒன்று கிடைத்தது; ஆணாக்கும் நிறமூர்த்தம் சிறியதல்லவா, அதற்கு அதை வைத்தேன். ஒட்டிய நீலச் சோடியைக் கடைசியில் எடுப்பேன். நான் ஒருநாளும் அதைப் பிரிக்க முயலவில்லை. பிழை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு எனக்கு அது ஒட்டியபடியே தேவைப்பட்டது.

தர்ஷினியிடம் நீயாகவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாய். அதில் எனக்கு மிகவும் பெருமை. என் வயிற்றில் பிறந்தவன் பாதி சொல்லி மீதியை விழுங்கமாட்டான். ஆனால் அவள் அப்பாவுக்கு யார் சொல்வது என்று வந்தபோது இருவரும் பூனைக்குட்டிகள் மாதிரி என்னைப் பார்த்தீர்கள். "நான் சொன்னா பாதியில அழுதுடுவேன். நீங்க டீச்சர்தானே ஆன்ட்டி" என்றாள் அவள். உன் மாமாவோ சொல்லவே வேண்டாம் என்ற கட்சி. "குறிப்புப் பொருந்திட்டுது, ரெண்டும் ஆசைப்படுதுங்க. கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கலாம். உங்களுக்கு எல்லாத்தையும் வகுப்பாக்கணும் அக்கா" என்றான். குறிப்பில் செவ்வாய் எங்கே நிற்கிறது என்று சொல்லலாமாம், கலத்தில் என்ன நிற்கிறது என்று சொல்லக்கூடாதாம். நான் இரண்டு முடிவு எடுத்தேன். முழுதாகச் சொல்வது. சொல்லி முடிந்து அவர்கள் சம்மதம் கிடைக்கும்வரை தட்டு, வெற்றிலை, பூ, பழம் எதுவும் அந்த வீட்டுக்குக் கொண்டுபோகாமலிருப்பது. தட்டை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு மனிதர்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. அப்படி ஒரு சம்மதம் எனக்கு வேண்டாம்.

ஆகவே நாம் இருவரும் கம்பளைக்கு வெறுங்கையோடு பஸ் ஏறினோம். என் மடியில் டப்பா மட்டும். கெலிஓயாவுக்கு அப்பால் ஒவ்வொரு வளைவிலும் அது கிலுங்கியது. நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பந்து இல்லாத கையை நசுக்கிக்கொண்டிருந்தாய். "அம்மா, வேண்டாம்னு சொல்லிட்டா?" என்று ஒருமுறை கேட்டாய். "சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது" என்றேன். சொன்னேனே தவிர, டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்றது தர்ஷினியின் அத்தை, அவள் அப்பாவின் அக்கா. அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்தவர். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். "வாங்க டீச்சர், வாங்க தம்பி" என்றவர் நம் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். "பின்னால யாரும் தட்டோட வர்றாங்களா?" இல்லை, நாங்கள் இருவர்தான் என்றேன். அவர் பார்வை என் டப்பாவில் நின்றது. உள்ளே தர்ஷினியின் அப்பா, சைக்கிள் கடைக்காரர், மசகு போகக் கழுவிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். நான் டப்பாவைத் திறந்து சின்ன மேசையில் வளையல்களைப் பரப்பியதுதான் தாமதம், அத்தை குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என்னங்க டீச்சர் இது, பழைய வளையலா? பொண்ணுக்குப் போடக் கொண்டு வந்தீங்களா? ஒரு சோடிகூட ஒழுங்கா இல்லையே. இந்தா, இது ரெண்டும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. கண்டியில வளையல் கடையே இல்லாமப் போச்சா?"

"அத்தை, அது எனக்குப் போடுறதுக்கு இல்ல" என்றாள் தர்ஷினி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அது பாடம்."

"பாடமா? சம்பந்தம் பேச வந்த எடத்துல பாடமா?"

"அக்கா, கொஞ்சம் உட்காருங்க" என்றார் அவர் தம்பி, தர்ஷினியின் அப்பா. "நாங்க அதிகம் படிக்காதவங்க டீச்சர். ஆனா சொன்னா விளங்கும். சொல்லுங்க."

அத்தையை ஒரு பக்கமும் தம்பியை மறுபக்கமும் இருத்தி, கம்பளி நூல்களைக் கொடுத்தேன். சிவப்புச் சோடியை இழுக்கச் சொன்னேன், ஆளுக்கொன்று போனது. பச்சையிலும் ஆளுக்கொன்று. அத்தை கிணற்றில் வாளி இழுப்பதுபோல் இழுத்தார். "மெதுவா, கலம் இவ்வளவு அவசரப்படாது" என்றேன். பிறகு நீலம். இருவரும் இழுத்தார்கள். அத்தையின் நூல் நழுவியது. இரண்டு நீலமும் சேர்ந்து தம்பி பக்கம் போய் விழுந்தன.

"எனக்கு நீலமே வரலையே" என்றார் அத்தை, ஏமாந்த பிள்ளை மாதிரி.

"வராது. ஒரு பக்கம் ஒன்றுமில்லை, மறுபக்கம் ஒன்று கூட. இது வேணும்னு யாரும் செய்றது இல்லை. சாப்பாட்டால இல்லை, சாபத்தால இல்லை, நேரத்தால இல்லை." நான் தம்பி பக்கத்து நீலச் சோடியோடு சின்னக் கறுப்பு வளையலைச் சேர்த்து வைத்தேன். "இந்தக் கறுப்பு இவன் அப்பா தந்தது. ஆம்பிளைகளுக்கு ஒரு நீலமும் ஒரு கறுப்பும் இருக்கும். என் மகனுக்கு ஒரு நீலம் கூட இருக்கு."

"அதனால என்னங்க ஆகும்?" என்று கேட்டார் அவள் அப்பா. உன்னைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தார்.

"எலும்பு கொஞ்சம் மெலிவு, அதுக்கு மருந்து எடுக்கிறான். வேலைக்கோ அறிவுக்கோ ஒரு குறையும் இல்லை, அது நீங்களே பார்த்திருப்பீங்க. ஆனா பிள்ளை பிறக்கிறது பெரும்பாலும் நடக்காது. வைத்தியத்தில சில வழி இருக்கு, சிலருக்குப் பலிச்சிருக்கு. அதை நம்பி நீங்க சரின்னு சொல்ல வேண்டாம். இல்லைன்னே வச்சுக்கிட்டு யோசிங்க."

தெருவில் ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பிறகு அவர் மகளைப் பார்த்தார். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்பா. முதல் முதல்ல என்கிட்டதான் சொன்னாரு."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

உன் முகத்தை நான் அப்போது பார்த்தேன். பார்த்துவிட்டு, அது உனக்கு மட்டும் உரியது என்று திரும்பிக்கொண்டேன். திரும்பியபோது அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய குரல் எங்கோ போயிருந்தது.

"டீச்சர், இது ஆம்பளைங்களுக்கும் இருக்குமா? புள்ள இல்லாமப் போறதுக்கு ஆம்பளையும் காரணமா இருக்க முடியுமா?"

"முடியும். பாதிக்குப் பாதி அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்க."

"அது எப்படித் தெரியும்?"

"சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"யாரைச் சோதிக்கிறது?"

"ரெண்டு பேரையும்."

"ரெண்டு பேரையுமா" என்று மெதுவாகச் சொன்னார். எழுந்தார். குசினிக்குள் போய்விட்டார்.

முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். நூல்களைச் சுருட்டத் தொடங்கினேன். அவள் அப்பா என் பக்கம் குனிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அக்காவைக் கட்டிக்குடுத்த எடத்துல, புள்ள இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு அப்ப சின்ன வயசு. அவரு பிறகு வேற கட்டிக்கிட்டாரு."

"அங்கே பிள்ளை இருக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை என்று உன் மாமா சொல்வான். என்னால் கேட்காமல் இருக்க முடியாது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இவ்வளவு காலத்தில் அதை யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இல்லீங்க" என்றார். "அங்கயும் இல்ல."

பார்க்காத ஒரு மனிதருக்கு நோய் எழுதும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் குசினிச் சுவருக்கு அப்பால் ஒரு பெண் தன் ஆயுள் முழுவதும் தன் தலையில் வைத்திருந்த ஒன்றை முதல்தடவையாக இறக்கிப் பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவர் திரும்பி வந்தார். கையில் தேத்தண்ணீர்த் தட்டு இல்லை. ஒரு எவர்சில்வர் கிண்ணம், நிறையச் சவர்க்கார நுரை.

"புள்ள, கையை நீட்டு" என்றார்.

"அக்கா, இன்னும் தட்டே வரலையே" என்றார் தம்பி.

"தட்டு அடுத்த வாரம் வரட்டும். இவங்க என்ன, கையை வீசிக்கிட்டா வந்தாங்க? வளையல் கொண்டுதானே வந்திருக்காங்க."

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வளையல்கள். வளர்ந்த பெண்ணின் கைக்குச் சின்னவை. நுரையைத் தடவி, விரல்களைச் சேர்த்து அமுக்கி, சிவப்பை ஏற்றினார், பச்சையை ஏற்றினார். தர்ஷினி பல்லைக் கடித்தாள். "கத்தாத. ஊரார் கையெல்லாம் அமுக்கி வலிக்க வைக்கிறவதானே நீ. இப்பப் பொறுத்துக்க" என்றார் அத்தை. பிறகு அந்த நீலச் சோடியை எடுத்துக் கிண்ணத்துக்குள் போட்டார். ஊறவிட்டு, இரண்டு பெருவிரல்களாலும் மெல்லத் திருகினார். எத்தனையோ வருடம் என் மாணவிகள் நூல் கட்டி இழுத்தும் பிரியாதவை, பசை கரைந்து, டிக் என்று ஒரு சின்னச் சத்தத்தோடு இரண்டாகின. இதை ஒரு சகுனமாக நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. உன் கலங்களில் எதுவும் மாறவில்லை. சரிகைப் பசை சவர்க்காரத்தில் கரையும், அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு நீலம் தர்ஷினியின் கையில் ஏறியது. மற்றதை அத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "திருவிழாவுக்குத் தேயிலைத் தோட்டத்துக்கு வர்ற வளையக்காரர் டசன் போட்டு முடிச்சதும் ஒண்ணு கூடப் போட்டுவிடுவாரு" என்றார், யாரையும் பார்க்காமல். "அதை யாரும் கழட்டித் திருப்பிக் குடுக்கிறதில்லை." சொல்லிவிட்டு அதைத் தன் மெலிந்த மணிக்கட்டில் ஏற்றிக்கொண்டார். அவருக்கு நுரைகூடத் தேவைப்படவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அக்கா கண்ணாடி வளையல் போட்டதே இல்லை என்று தம்பி பிறகு என்னிடம் சொன்னார். அது என்னுடைய வளையல், என் அப்பாவின் முதல் சம்பளத்தில் வந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவுமில்லை. அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருந்தது. அவள் அப்பா எழுந்து உன்னிடம் வந்து, மசகு வாசனை போகாத கையால் உன் மணிக்கட்டைப் பிடித்து, "இப்ப வலி இல்லையே தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றாய். "அப்ப சரி" என்றார். அவருடைய சம்மதம் அவ்வளவு சுருக்கமாக இருந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ ஒரு பிழையா என்று கேட்டாய். கவனமாகக் கேள். ஒரு பிரிவு தவறியது. ஒரே ஒன்று, நீ என்று ஒருவன் இருப்பதற்கும் முன்னால். அதற்குப் பிறகு அந்த ஒற்றைக் கலம் இரண்டாகி, நான்காகி, உன் எலும்பும் இதயமும், உன் அப்பாவைப்போலவே இடது பக்கம் கோணும் சிரிப்பும் ஆனது. அந்தக் கணக்கில்லாத பிரிவுகளில் ஒவ்வொன்றும் நாற்பத்தேழையும் அக்கறையோடு பிரதி எடுத்து, ஒன்றையும் கைவிடாமல் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. உன் உடம்புக்கு அந்தக் கூடுதலான ஒன்று அந்நியம் இல்லை. முதல்நாளிலிருந்து அதைத் தன்னுடையது என்றே எண்ணி நடத்தி வந்திருக்கிறது. இப்படிக் கூடிக் குறைந்து தொடங்குகிற கலங்களில் பல, ஒருவரும் அறியாமலே நின்றுபோகின்றன. நீ நிற்கவில்லை. வகுப்பறையில் பிழை என்பதற்கு நான் வைத்திருந்த பொருளை உனக்கு வைக்க முடியாது. நீ பிழை அல்ல, மகனே, நன்றாகச் செய்து முடிக்கப்பட்டவன். அந்த நடைபாதையில் நான் சொல்லியிருக்க வேண்டியது இது.

சில அறிவுரைகளும் உண்டு. அம்மா கடிதத்தில் அது இல்லாவிட்டால் நீயே நம்பமாட்டாய். ஊசியை நாள் தவறாமல் போட்டுக்கொள். ஈரப் படியில் பார்த்து இறங்கு. கல்யாணம் முடிந்து நாலு மாதம் போவதற்குள் எல்லோரும் "ஏதும் விசேஷம் இருக்கா?" என்று கேட்கத் தொடங்குவார்கள். கோயிலில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், மரக்கறிக் கடையில் மீதிக் காசு தரும்போதும் கேட்பார்கள். அந்தக் கேள்வி அவளிடம்தான் முதலில் போகும், போக விடாதே. நீ முன்னால் நின்று பதில் சொல். ஒரு பெண்ணை மட்டும் பார்த்துக் கேட்டு, அவளை மட்டும் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டு வாசலுக்குள் வரக்கூடாது. வைத்திய வழியைப் பார்க்கிறீர்களோ, ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறீர்களோ, இரண்டு பேராகவே நிறைவாக இருக்கிறீர்களோ, அதை நீங்கள் முடிவு செய்யுங்கள். செய்த பிறகு எனக்குச் சொன்னால் போதும். நான் கேட்கமாட்டேன். நான் கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினமான காரியம் என்று உனக்குத் தெரியும். ஆகவே இதையே என் கல்யாணப் பரிசாக எடுத்துக்கொள்.

டப்பாவில் இப்போது அந்தச் சின்னக் கறுப்பு வளையலும், மிச்சம் கொஞ்சம் சிவப்பு பச்சையும்தான் இருக்கின்றன. கறுப்பு வளையல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். பாடத்துக்குத்தான் அதை வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெருவிலிருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். நீலச் சோடிக்கு என்ன செய்வதென்று யோசித்தேன். இனி நூல் கட்டி இழுக்கமாட்டேன், கதையையே சொல்லிவிடுவேன்.

நேற்றுக் காலை அத்தை கம்பளையிலிருந்து தொலைபேசி எடுத்தார். கல்யாணத்துக்குப் போடத் தம்பி தங்கக் காப்பு வாங்கித் தந்திருக்கிறாராம். "ஆனா டீச்சர், இந்த நீல வளையல் கழட்ட வருதில்ல. பக்கத்துல தங்கம் போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

"உங்க கையில நுரை இல்லாமலே ஏறினது நான் பார்த்தேனே. சவர்க்காரம் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

மறுமுனையில் அந்தப் பெரிய குரல் சிரித்தது. "போடல்லை" என்றார்.

"அப்ப அது அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

உன் அம்மா